இருபத்தொரு புள்ளிகள்

அந்த அக்காவிடம் வரிசையில் இடம் பிடித்து வைக்கச் சொன்னால் வைக்க மாட்டார். ரேஷன் கடையோ, கரண்ட் பில் கட்டும் இடமோ, தண்ணீர் லாரியோ, எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான். "நீ நில்லு. உனக்காக நான் நிக்க மாட்டேன்." எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவது எல்லாப் பெண்களுக்கும் வழக்கம். அக்கா வந்தால் ஆளில்லாத குடங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு முன்னே போய் நிற்பார். "இன்னா, கொடம் வந்து தண்ணி கேட்டுச்சா? ஆள் எங்க?" என்பார். இதற்காக அவர் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. என் அம்மாவே இரண்டு தடவை தெருவில் நின்று திட்டியிருக்கிறாள்.

எனக்கும் அவரை ரொம்ப காலம் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் நான் ஏதோ ஆரம்பத்திலிருந்தே பாசமாக இருந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், மூடிப்போன நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் அந்த டிடிபி கடை இருந்தது. ஜெராக்ஸ், லாமினேஷன், ஆன்லைன் மனு, கல்யாணப் பத்திரிகை, பிறந்த நாள் ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் அக்கா ஒருவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, காட்டன் புடவை, மூக்கின் நுனிக்கு இறங்கி நிற்கும் கண்ணாடி. கம்ப்யூட்டரில் ஒன்றை அடித்து முடித்ததும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து நம் முன்னால் வைப்பார். "பேர் மேல வெரல வெச்சுப் பாருங்க. சரின்னா கையெழுத்துப் போடுங்க." யார் பேர் அச்சாகிறதோ அவர்தான் விரல் வைக்க வேண்டும். செத்தவர் என்றால் மட்டும் அவர் வீட்டு ஆள் வைக்கலாம். அண்ணனுக்காகத் தம்பி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒருதடவை வார்டு பிரமுகர் ஒருவரின் பிறந்த நாளுக்கு ஃபிளெக்ஸ் அடிக்க வந்தார்கள். வாழ்த்துவோர் என்று நாற்பது பேர் போட்ட பட்டியல். அக்கா அந்த நாற்பது பேரின் போன் நம்பரையும் கேட்டார். கொண்டுவந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். "சும்மா பேர் தானே அக்கா, அவங்களே சந்தோஷப்படுவாங்க." அக்கா விடவில்லை. கிடைத்த நம்பருக்கெல்லாம் போன் போட்டார். வாழ்த்துவோரில் ஒருவர் செத்துப் போய் மாசம் ஒன்றாகியிருந்தது. அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போட்டதும் இதே கடைதான். அந்தக் கதை ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் போய்ச் சிரிப்பாய்ச் சிரித்தது. ஆனாலும் அதற்கப்புறம் பிரமுகர்கள் ஃபிளெக்ஸுக்குக் கோலார் போக ஆரம்பித்தார்கள். அக்கா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கடையில் உதவிக்கு ஒரு பெண் இருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், கூலி போகக் கூடாது என்று தன் தங்கையை அனுப்பி வைத்தாள். தங்கைக்கும் கம்ப்யூட்டர் தெரியும். அக்கா அந்தப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கடையை இழுத்துப் பூட்டி, அவளோடு நடந்து போய் அக்காக்காரியைப் பார்த்துவிட்டு வந்தார். "இனிமே உனக்கு பதிலா யாரையும் அனுப்பாத. லீவுன்னா லீவு." அன்றைக்குக் கூலியையும் கொடுத்துவிட்டாராம். நல்ல மனசு என்று சொல்வதா, கிறுக்கு என்று சொல்வதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கிறுக்கு என்றே சொல்லிக்கொண்டோம்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது என் அப்பா விஷயத்தில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். பாதி நுரையீரலைக் கீழே விட்டுவிட்டு வந்தவர். பத்து அடி நடந்தால் உட்கார வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று பதிவு செய்ய வேண்டும் அல்லவா, அதற்குப் பேப்பரை எல்லாம் எடுத்துக்கொண்டு நான் போனேன். ஊரில் மற்ற கடைகளில் தெரிந்தவர் என்றால் எப்படியோ முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

"அப்பா எங்க?" என்றார் அக்கா.

"அவரால வர முடியாதுக்கா. நான் புள்ளதானே, என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"உன்ன தெரியும். நீ உசுரோட இருக்கறதும் தெரியும். அவரு இருக்கறாருன்னு அவரு தான் சொல்லணும்."

மறுநாள் ஆட்டோ வைத்து அப்பாவைக் கூட்டி வந்தேன். அக்காவே ரேகை மெஷினை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு வந்து, அப்பாவின் விரலைத் தன் புடவை முந்தானையால் துடைத்து வைத்து எடுத்தார். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அப்பா, "அவள ஒண்ணும் சொல்லாத. அவ செய்யறது சரி தான்" என்றார். ஏன் என்று கேட்டேன். இருமல் வந்ததாகக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இனி இணையதளம் வந்த கதை. நான் தினமும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு வெப்சைட் கம்பெனியில் வேலை செய்கிறவன். எங்கள் ஊரில் பழைய சுரங்கக் குடும்பங்களுக்கு என்று ஒரு சங்கம் உண்டு. பிள்ளைகள் எல்லாம் பெங்களூர், துபாய் என்று சிதறிப் போய்விட்டதால் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு தளம் வேண்டும் என்று முடிவு செய்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். போகவர ஐந்து மணிநேர ரயில் பயணத்தில் அதைச் செய்து முடித்தேன். பழைய போட்டோக்கள், கல்யாணச் செய்திகள், அப்புறம் சுரங்கத்தில் உயிர் விட்டவர்களின் பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியல்தான் எல்லோருக்கும் முக்கியம். சங்கத் தலைவர் கம்பெனி ரிஜிஸ்டரின் நகல் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்திருந்தார். முதல் நாள் கூட்டத்தில் அவரே ஒவ்வொரு பேராக வாசித்தார். எழுபது வயதிலும் கணீரென்ற குரல். எல்லோரும் எழுந்து நின்றோம். சிலர் அழுதார்கள்.

தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்ல ஊரில் ஆள் கிடையாது. யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடுகிறவர் அவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அக்கா வந்தார். கையில் ஒரு தாள். நேராக மேசைக்குப் போய், "செத்தவங்க லிஸ்ட்டுல எங்கப்பா பேரு இல்ல" என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரிஜிஸ்டர்ல இருக்கற பேரு தாம்மா போட்டிருக்கு. நம்ம இஷ்டத்துக்கு சேக்க முடியாது இல்ல?"

"எங்கப்பா கீழ தான் செத்தாரு. இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும்."

கமிட்டியில் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஏழு பேர் சுரங்கத்தில் இறங்கியவர்கள். ஒருவர் பேனாவைப் பார்த்தார், ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். தலைவர் இன்னும் மெதுவாக, "ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குது இல்லம்மா" என்றார். குடத்துக்காகத் தெருவையே இரண்டாக்கும் அக்கா சண்டை போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

தளத்துக்கு ஒரு சின்னம் பாக்கியிருந்தது. பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்தால் மேலே அதன் பேருக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு படம் வருமே, அது. ஃபேவிகான் என்பார்கள். எனக்குப் படம் போட வராது. கமிட்டியில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சுரங்க வாய்க்கு மேல் நிற்கும் ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் வேண்டும், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடு வேண்டும், தலையில் கட்டும் விளக்கு வேண்டும், கடப்பாரை வேண்டும், மாரியம்மன் வேண்டும். செயலாளர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, "நம்ம ஊரு ஆள வெச்சே பண்ணிடுப்பா" என்றார். நம்ம ஊரில் அந்த வேலை தெரிந்தது அக்கா ஒருவருக்குத்தான். மாட்டேன் என்று சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

பட்டியலைப் படித்துவிட்டு, "எவ்ளோ பெருசு?" என்றார்.

"பதினாறுக்குப் பதினாறு கட்டம்க்கா. எரநூத்தி ஐம்பத்தாறு புள்ளி. அவ்ளோ தான்."

"இதுல மாரியம்மன ஏத்தினா அவளுக்கு மூச்சு முட்டும்." சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஒண்ணு தான் நிக்கும் தம்பி. ஒரு வாரம் கழிச்சு வா."

போனபோது ஒரு கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாள்களில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பி வைத்திருந்தார். முதலில் ஷாஃப்ட் கோபுரத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அந்த அளவில் அது தூக்குமரமாகத்தான் தெரிந்தது. விளக்கு முட்டையாகத் தெரிந்தது. சயனைடு மேடு வெறும் கறை. கடைசித் தாளில் ஒரு வட்டம், மேலே இரண்டு புள்ளியில் ஒரு ஓட்டை, நடுவில் 417 என்று எண். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பித்தளை டோக்கன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு டோக்கன் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு எண் உண்டு, அந்த எண் போட்ட பித்தளை வில்லை உண்டு. ஷிஃப்டுக்கு இறங்கும்போது அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பலகையில் மாட்டி வைப்பார்கள். மேலே வந்ததும் வாங்கிக்கொள்ளலாம். ஷிஃப்ட் முடிந்தும் பலகையில் டோக்கன் தொங்கினால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம்.

"நல்லா இருக்குதுக்கா. நம்பர் எதுக்கு?" என்றேன்.

அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "எங்கப்பாவுக்கு நம்பர் கெடையாது. பர்மனன்ட் ஆகல. யாருக்காவது ஒடம்பு சரியில்லன்னா, கல்யாணம் கருமாதின்னா, அவங்க டோக்கன எடுத்துனு இவரு எறங்குவாரு. லீவு போட்டா அவங்களுக்கு ஆப்சென்ட் விழும் இல்ல, அதுக்கு. எப்பனா ஒரு நாள் வேல போட்டுத் தருவாங்கன்னு நம்பிக்க. அன்னிக்கு இந்த நம்பர எடுத்துனு போனாரு. பாற வெடிச்சிச்சு. எனக்கு ஒம்போது வயசு. எங்கம்மாவும் நானும் போர்டு முன்னாடி நின்னுனு இருந்தோம். எல்லா டோக்கனும் போயிடுச்சு. இது மட்டும் தொங்கினு இருந்தது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. டோக்கனுக்கு சொந்தக்காரரு மறுநாள் ஆபீசுக்கு வந்தாரு. என் டோக்கன் காணாம போச்சு, யாரோ திருடினு எறங்கிட்டான்னாரு. எங்கப்பா திருடனாயிட்டாரு. திருடன எப்டி ரிஜிஸ்டர்ல எழுதுவாங்க?"

கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யார் அந்தச் சொந்தக்காரர் என்று நான் கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க தலைவர் நம்பரு இன்னான்னு உனக்குத் தெரியாதா?" என்றார்.

நானூற்றுப் பதினேழு தலைவருடைய எண். பிறகு, அவர் நம்பரை நீங்களே ஏன் போட வேண்டும் என்று கேட்டேன். யாருக்குப் பதிலாகவும் யாரையும் ஏற்காத மனுஷி ஆயிற்றே.

"நம்பரு அவரோடது. தொங்கினு இருந்தது எங்கப்பாவுக்காக. அன்னிக்கு ஒரு நாள் அது எங்கப்பா தான்" என்றார். "பேரு போட மாட்டேன்றாங்க. போவட்டும். இந்த ஒரு தடவ நம்பராவது இருக்கட்டும் தம்பி. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சா போதும்."

அவர் அதுவரை யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சரிக்கா என்றேன். கண்டிப்பாக என்றும் சொன்னேன். அந்தக் "கண்டிப்பாக" இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கூட்டத்தில் சுவரில் பெரிதாக்கிக் காட்டினேன். டோக்கனைப் பார்த்ததும் கிழவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் தன் பையிலிருந்தே தன்னுடைய பழைய டோக்கனை எடுத்துக் காட்டினார். தலைவரும் தட்டினார். ஆனால் அவர் கை மற்றவர்களுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

மறுநாள் ரயிலில் இருக்கும்போது போன் செய்தார். "படம் ரொம்ப நல்லா இருக்குது தம்பி. அந்த நம்பர் மட்டும் வேணாமே. ஒருத்தர் நம்பர போட்டா மத்தவங்க மனசு கஷ்டப்படும் இல்ல? பொதுவா இருக்கட்டும்." அடுத்த மூச்சிலேயே சொன்னார்: "அப்புறம், உங்க அப்பா வீட்டு லெட்டர் ரெடி பண்ண சொல்லிட்டேன். இந்த மாசமே வந்துடும்."

நாங்கள் இருக்கும் லைன் வீடு எங்கள் பேருக்கு மாற வேண்டுமென்றால் சங்கத்தின் கடிதம் வேண்டும். அதற்காக அப்பா நடையாய் நடந்து ஓய்ந்து போயிருந்தார். தலைவர் மிரட்டினார் என்று சொன்னால் அது பொய். இரண்டு விஷயத்தை அடுத்தடுத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். அக்கா சொன்னது உண்மையா என்று.

"உண்மை தான். அந்த ஷிஃப்டுல இருந்த அத்தன பேருக்கும் தெரியும்."

"ஏம்ப்பா யாரும் சொல்லல?"

அப்பா ரொம்ப நேரம் மூச்சு வாங்கினார். "சொன்னா, யார் யார் டோக்கன் குடுத்து அனுப்பினாங்கன்னு நோண்டுவாங்க. எல்லாரும் குடுத்திருக்கோம். நம்ம வீட்டு மூத்தவ பொறந்த அன்னிக்கு என் டோக்கன எடுத்துனு போனது யாருன்னு நெனைக்கற? அந்தக் கடைக்காரியோட அப்பன் தான்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துடு. அந்த நம்பர எடுத்துடு" என்றார்.

அதாவது என் அப்பா குழந்தையின் முகத்தைப் பார்க்க வீட்டில் இருந்த நாளில் அவருக்குப் பதிலாகக் கீழே போனவர் அந்த மனுஷன். அந்த நன்றிக்கு நாங்கள் குடும்பமாகச் செய்த கைம்மாறு இதுதான். மறுநாள் காலை ரயிலில் ஜன்னல் ஓரமாக லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அழித்தேன். நாலுக்கு ஒன்பது புள்ளி, ஒன்றுக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு. மொத்தம் இருபத்தொன்று. அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் பித்தளை நிறத்தை நிரப்பித் தளத்தில் ஏற்றினேன். பக்கத்தில் இருந்தவர் நான் ஏதோ கேம் ஆடுகிறேன் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து அக்கா கடை வாசலிலிருந்து கூப்பிட்டார். "நம்பர காணோமே தம்பி?"

"சின்னதா வரும்போது தெரியலக்கா. வெறும் அழுக்கு மாதிரி இருந்தது. அதான் எடுத்துட்டேன்."

இது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் வைத்துப் பார்த்து, கடையின் பழைய மானிட்டரிலேயே தெரிகிறதா என்று சோதித்தவர் அவர். ஆனாலும், "சரி. தெரியலன்னா இன்னா பண்றது" என்றுவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார். ஒரு சண்டை போட்டிருக்கலாம். என் குடத்தையும் ஒதுக்கியிருக்கலாம். வீட்டுக் கடிதம் அந்த மாசக் கடைசியில் வந்தது. அம்மா அதற்குக் குங்குமம் வைத்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகினாள்.

நான் அந்தக் கடைப் பக்கம் போவதை விட்டேன். ஜெராக்ஸ் பெங்களூரிலேயே எடுத்துக்கொண்டேன்.

நாலு வருஷம் கழித்துத் தலைவர் காலமானார். மாரடைப்பு, தூக்கத்திலேயே. ஊரே திரண்டது. போஸ்டர் அடிக்க அவருடைய மூன்று மகன்களும் அக்கா கடைக்குத்தான் போனார்கள். வேறு எங்கேயாவது போயிருக்கலாம், பழைய கதை அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அக்கா மூன்று பேரையும் விரல் வைக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கி, ஒரு தப்பில்லாமல் அடித்துக் கொடுத்தார். ஊரில் நான் பார்த்ததிலேயே லட்சணமான போஸ்டர் அது.

இரங்கல் கூட்டம் சங்க ஹாலில் நடந்தது. அக்கா வரவில்லை. எல்லோரும் பேசி முடித்த பிறகு செயலாளர் மைக்கை வாங்கினார். "சிலை கிலைன்னு நாம ஒண்ணும் பண்ண வேணாம். அவரு எளிமையான மனுஷன். நம்ம வெப்சைட் டோக்கன்ல அவரோட நம்பர போட்டுடலாம். நானூத்தி பதினேழு. தம்பி, முடியுமில்ல?" எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். முடியும் என்றேன்.

புதிதாகப் போட வேண்டிய வேலை கூட இல்லை. அக்கா கொடுத்த பழைய ஃபைல் என் லேப்டாப்பில் அப்படியே இருந்தது. அதே வட்டம், அதே ஓட்டை, அதே இருபத்தொரு புள்ளி. அவர் அப்பாவுக்காக வைத்ததை எடுத்து, அந்த அப்பாவைத் திருடன் என்று சொன்னவருக்கு அஞ்சலியாகத் தளத்தில் ஏற்றினேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். யார் வீட்டுக்கும் போகாதவர். அம்மா பதறிப் போய் நாற்காலி போட்டாள். அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அக்கா கட்டியிருந்தது பட்டு இல்லை, ஆனால் புதுப் புடவை. ஒரு கவரிலிருந்து பெரிய தாள் ஒன்றை எடுத்து விரித்தார். அந்தச் சின்னத்தை வெறும் கட்டங்களாகப் பெரிதாக்கி, கறுப்புக் கரை போட்டு, பிரிண்ட் எடுத்து லாமினேஷன் செய்திருந்தார்.

"எங்கப்பாவுக்கு ஒரு போட்டோ கூட கெடையாது தம்பி. இத தான் மாட்டப் போறேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தாளு இருக்கற வரைக்கும் உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதான் நான் அன்னிக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா இத்தன வருஷம் மனசுல வெச்சுனு இருந்து, அவரு போனதும் மொத வேலையா போட்ட பாரு. பெத்த புள்ள கூட செய்ய மாட்டான்."

நான் வாயைத் திறந்தேன். இல்லைக்கா, இது உங்கப்பாவுக்கு இல்லை, என்று அவ்வளவையும் சொல்லியிருக்கலாம். அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் இருந்தது. அம்மா அடுக்களை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் எல்லாம் தெரியும்.

அக்கா பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து என் கையில் கொடுத்தார். கேசரி. இன்னும் சூடு இருந்தது. நான் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"எப்டி இருக்குது?" என்றார்.

"நல்லா இருக்குதுக்கா" என்றேன்.